மாநாடு இரண்டு நாள், யாழ்ப்பாணம் மூன்று நாள்: எதைப் பார்ப்பது, எதை நம்புவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான். தமிழ்நாட்டில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறீர்கள். பண்பாட்டு மரபுரிமை பற்றிய மாநாடு ஒன்றில் கட்டுரை வாசிக்க யாழ்ப்பாணம் வருகிறீர்கள். கூட்டம் இரண்டு நாள், அதன் பிறகு கையில் மூன்று நாள். கோட்டை, நல்லூர், நயினாதீவு, நெடுந்தீவு, கந்தரோடை, கீரிமலை என்று ஆளுக்கொரு பட்டியல் தருகிறார்கள், எதை எடுப்பது, எதை விடுவது என்கிறீர்கள். பட்டியல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதில் நான் கூட்ட ஒன்றுமில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் கேட்ட கேள்வி: அங்கே சொல்லப்படும் கதைகளில் எவ்வளவு வரலாறு? அதற்குத்தான் இந்தப் பதில். எதைப் பார்ப்பது என்பது அதிலிருந்தே வந்துவிடும்.

நான் தொல்லியல் படித்தவன். குடாநாட்டில் கள ஆய்வு வேலையில் பல வருடம் இருந்தவன். கோயில் சாத்திரம் என் துறை இல்லை. எந்த ஹோட்டல் நல்லது என்று என்னிடம் கேட்டும் பயனில்லை, உள்ளூர்க்காரன் ஹோட்டலில் தங்குவதில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லலாம்: நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களோடு உங்கள் பயணம் சேர்ந்தால் அறை கிடைப்பது பெரும்பாடு.

யாழ்ப்பாணத்தில் பெயர் ஒரு காலத்தைச் சொல்லும், அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் கட்டடம் இன்னொரு காலத்தைச் சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு முதல் நாளை நல்லூரில் தொடங்குங்கள். ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்தால் போதும். பெரும்பாலானவர்கள் கந்தசுவாமி கோயிலைக் கும்பிட்டுவிட்டு, சங்கிலியன் தோப்பு வளைவின் முன்னால் படம் எடுத்துக்கொண்டு, மந்திரிமனையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உறுதியாகத் தெரிந்தது இது: யாழ்ப்பாண அரசை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகர் நல்லூர்; 1619இல் போர்த்துக்கேயர் அதைப் பிடித்தார்கள்; கடைசி அரசன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான்; பழைய கந்தசுவாமி கோயில் 1620களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. இன்று நீங்கள் கும்பிடும் கோயில் 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஆட்சியில், வேறோர் இடத்தில் எழுந்தது. பழைய கோயில் இருந்த இடத்தில் இப்போது புனித யாகப்பர் தேவாலயம் நிற்கிறது என்பது நீண்ட நாளைய மரபு, பல ஆய்வாளர்களும் ஏற்பது. ஆனால் சங்கிலியன் வளைவும் மந்திரிமனையும்? பெயரைக் கேட்டால் அரண்மனை வாசலும் அமைச்சர் வீடும். கட்டட வேலையைப் பார்த்தால் இரண்டும் ஐரோப்பியர் காலத்துக் கைவேலை. அரண்மனை இருந்த நிலம் அதுவாக இருக்கலாம், நிற்கும் சுவர் அரசனுடையதல்ல. வழிகாட்டி இதைச் சொல்லமாட்டார், சொன்னால் ஊரில் சிலருக்குக் கோபமும் வரும்.

அரசர் காலத்து நல்லூரை உணர வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி உண்டு. நகரின் நான்கு திசைக்கும் காவலாக நான்கு கோயில்கள் இருந்தன என்பது மரபு: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாசநாதர். கோயில்கள் எல்லாம் பின்னால் திருப்பிக் கட்டியவை, ஆனால் இருப்பிடங்கள் பேசும். சைக்கிளில் நான்கையும் சுற்றி வந்தால் அந்தத் தலைநகர் எவ்வளவு பெரியது, எவ்வளவு சிறியது என்பது காலுக்குத் தெரியும். நடுவில் யமுனா ஏரியைத் தவறவிடாதீர்கள். ‘ப’ வடிவில் கட்டிய கேணி அது. யமுனை நீரைக் காவடியில் கொண்டுவந்து கலந்தார்கள் என்ற கதையை ஒதுக்கி வைத்தாலும், படிக்கட்டு இறங்கும் அந்த வேலைப்பாடு நின்று பார்க்க வேண்டியது. நாவலர் வீதியில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகமும் பக்கத்தில்தான். சிறியது, தூசி படிந்தது, அரை மணித்தியாலம் போதும்.

மாலையில் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டியதை ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, ஐங்கோண வடிவில் திருப்பிக் கட்டினார்கள். வெளி அரண் வேலை முடிய 1792 ஆயிற்று. அப்படிப் பாடுபட்டு முடித்ததை மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயருக்குச் சண்டையில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் புலிகளின் 1990 முற்றுகையிலும் அதன் பின்னும் அழிந்தது. இப்போது கற்குவியல். நீங்கள் சோழர் வரலாறு படிப்பிக்கிறவர் என்றால் கோட்டையில் உங்களுக்கென்று ஒரு செய்தி உண்டு: முதலாம் இராசேந்திரன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் தூண் ஒன்று கோட்டைக்குள்ளிருந்துதான் கிடைத்தது. எங்கேயோ இருந்த ஒரு கோயிலின் கல் அது. இடித்த கோயில்களின் கல் கோட்டைக்குப் போனது என்று ஊரில் சொல்வது வெறும் கசப்பு அல்ல என்பதற்கு அது ஒரு சான்று. அண்மைய அகழ்வுகளில் கோட்டைக்குக் கீழே ரூலெட் என்ற பழங்கால வணிக மட்பாண்டத்தின் துண்டுகளும் சீனப் பீங்கான்களும் கிடைத்தன. அதாவது ஐரோப்பியர் வெற்று நிலத்தில் வந்து கோட்டை கட்டவில்லை. ஏற்கெனவே பல நூற்றாண்டாகக் கப்பல் வந்துபோன கரை அது.

அங்கிருந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் கூப்பிடு தூரம். 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது, சுமார் 97,000 நூல்கள் போயின. இப்போது நிற்பது திருத்திக் கட்டியது. அதைச் சுற்றுலாத்தலமாகப் பார்க்காமல் வாசிப்பவராக உள்ளே போய் உட்காருங்கள். பத்திரிகைப் பகுதியில் காலையிலேயே வந்து இடம் பிடிக்கும் முதியவர்களைப் பார்த்தாலே போதும்.

இரண்டாம் நாளைத் தீவுகளுக்குக் கொடுங்கள். இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: நயினாதீவா, நெடுந்தீவா? இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் படகில் ஏறியதும் இறங்கியதும்தான் ஞாபகம் இருக்கும். வரலாறு படிப்பிக்கும் உங்களுக்கு நான் நயினாதீவைத்தான் சொல்வேன், அதுவும் அங்கே போகும் வழிக்காக.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் குறிகட்டுவான் பஸ் எடுங்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டி மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று போகும். இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். மாரி முடிந்த தை மாசி மாதங்களில் பூநாரைக் கூட்டத்தையும் காணலாம். அல்லைப்பிட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை, பனையும் மணலும்தான். ஆனால் 1977இல் அங்கே மணலுக்குள்ளிருந்து 11, 12ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான்கள் குவியலாக வெளிவந்தன, சோங் அரச காலத்தவை. ஏதோ ஒரு கப்பலின் சரக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு குறிகட்டுவானில் படகு ஏறி நயினாதீவில் இறங்குங்கள், கால் மணித்தியாலப் பயணம்தான். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. சிங்கள மன்னன், 12ஆம் நூற்றாண்டு, மொழியோ தமிழ். அது சொல்வது கடல் வணிகச் சட்டம்: வெளிநாட்டார் ஊராத்துறையில் வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு, யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மீதி உடையவனுக்கு, வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. அல்லைப்பிட்டி மணலில் கிடைத்த பீங்கானையும் இந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலமும் கிட்டத்தட்ட ஒன்று, கடலும் ஒன்று. அந்தப் பீங்கான் இந்தச் சட்டத்தின்படி பங்கு போட்டதன் மிச்சம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் யானைக்கு ஒரு பங்கு, சரக்குக்கு ஒரு பங்கு என்று கணக்கு எழுதி வைக்க வேண்டிய அளவுக்குக் கப்பல் போக்குவரத்து இருந்த கரை இது என்பது உறுதி. குடாநாட்டில் நான் மிகவும் மதிக்கும் ஒற்றைக் கல் அதுதான். கும்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கவனிப்பதே இல்லை.

நயினாதீவில் விகாரையும் உண்டு. தென்னிலங்கையிலிருந்து பஸ் பஸ்ஸாக யாத்திரிகர் வருவார்கள். ஒரே படகில் ஒரு கூட்டம் அம்மனுக்கும் ஒரு கூட்டம் புத்தருக்கும் போவதைப் பார்ப்பதும் மரபுரிமைப் பாடம்தான். புத்தர் வந்து இறங்கிய நாகதீபம் இது என்பது அவர்கள் நம்பிக்கை. மணிமேகலையின் மணிபல்லவம் இது என்பது நம்மில் பலரின் நம்பிக்கை. பழைய பாளி நூல்களின் நாகதீபம் யாழ்ப்பாணப் பகுதி முழுவதையும் குறித்தது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இந்த ஒரு சிறு தீவையே குறித்தது என்பதற்கு இல்லை. மணிபல்லவமும் அப்படித்தான்.

நெடுந்தீவைத்தான் பார்ப்பேன் என்றால் ஒரு முழு நாளை ஒதுக்கி, காலை முதல் படகில் போங்கள். ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எல்லோரும் காட்டுக் குதிரைக்கும் பெருக்கு (பேயோபாப்) மரத்துக்கும் போகிறார்கள். நான் வேலிகளைப் பார்க்கச் சொல்வேன். சாந்து இல்லாமல் முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய மதில்கள், வீட்டுக்கு வீடு, காணிக்குக் காணி. கிட்டப் போய்ப் பாருங்கள்: சில கற்களில் பவளத்தின் மடிப்புகள் அப்படியே தெரியும், சிலதில் நட்சத்திர நட்சத்திரமாகத் துளைகள். கடலுக்குள் உயிரோடு வளர்ந்த பொருள் இப்போது ஆட்டுக்கும் மாட்டுக்கும் எல்லை போடுகிறது. காற்று இடுக்குக்குள் புகுந்து போவதால் மதில் சாய்வதில்லை என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. அதே தீவில் வெடியரசன் கோட்டை என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள். வெடியரசன் நாட்டுக்கதைத் தலைவன். அங்கே கிடப்பதோ பௌத்த தூபிகளின் அடித்தளங்கள். மறுபடியும் பெயர் ஒன்று, கல் ஒன்று.

இது நம்மை நேரே கந்தரோடைக்குக் கொண்டுபோகிறது. மூன்றாம் நாள் காலையை அதற்கு வையுங்கள். சுன்னாகத்துக்குப் பக்கம், பனைகளுக்கு நடுவே, ஆள் உயரமும் அதற்குக் கீழுமாகச் சிறுசிறு தூபிகள் கூட்டமாக இருக்கும். 1910களில் போல் பீரிஸ் என்ற ஆய்வாளர் தோண்டினார், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் குழு தோண்டியது. உறுதியானது: கி.மு. காலத்திலேயே அங்கே மக்கள் வாழ்ந்தார்கள்; கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் பாவித்தார்கள்; பிறகு இந்தியக் கரையோடும் அதற்கு அப்பாலும் வணிகம் நடந்தது; பௌத்தம் இருந்தது. கவனிக்க வேண்டியது: நீங்கள் பார்க்கும் தூபிகளில் பல, சிதறிக் கிடந்த கற்களைத் தொல்பொருள் திணைக்களம் மீள அடுக்கியவை, ஆகவே மேற்பகுதியின் வடிவத்தை வைத்து வாதம் செய்யாதீர்கள். இனி சண்டைக்கு வருவோம். ஒரு தரப்பு, பௌத்தம் என்றால் சிங்களவர் என்று எழுதிவிட்டுப் போகிறது. இன்னொரு தரப்பு, அதை மறுக்கிற வேகத்தில் பௌத்தமே இல்லை, அவை ஏதோ பழைய ஈமச்சின்னம் என்கிறது. கும்பிட்டவர்கள் வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பதைத் தூபி சொல்லாது. நாகப்பட்டினத்திலும் காஞ்சியிலும் பௌத்தம் செழித்ததைப் படிப்பிக்கிற உங்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இருக்காது. இங்கே ஏன் அது இவ்வளவு சூடான விஷயம் என்பது மட்டும் கொஞ்சம் நாள் இருந்தால்தான் புரியும். தொல்லியல் பெயரால் காணி போய்விடுமோ என்ற பயம் வடக்கில் உண்மையானது.

யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்து ஆனைக்கோட்டையும் அப்படித்தான். 1980இல் இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஒரு பெருங்கற்காலப் புதைகுழியைத் தோண்டியபோது ஒரு சிறிய வெண்கல முத்திரை கிடைத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் மூன்று பிராமி எழுத்துகள். ‘கோவேத’ என்று வாசித்தார்கள், ‘கோ’ இருப்பதால் தலைவன் ஒருவனுடையது என்று கொண்டார்கள். நியாயமான வாசிப்பு. ஆனால் மூன்று எழுத்தில் ஓர் அரச வம்சத்தையே எழுப்புகிற கட்டுரைகளை மாநாட்டில் கேட்பீர்கள், பொறுமையாகக் கேளுங்கள். வல்லிபுரப் பொன்னேடு மறுபக்கத்து உதாரணம். 1936இல் கிடைத்தது. பிராகிருதம், பிராமி எழுத்து. நாகதீபத்தை ஓர் அதிகாரி ஆண்டபோது விகாரை கட்டியதைச் சொல்கிறது. அதில் வரும் அரசன் அநுராதபுரத்து வசபன் என்ற கல்வெட்டறிஞர் பரணவிதானவின் கருத்து பரவலாக ஏற்கப்பட்டது, யாழ்ப்பாண ஆய்வாளர் சிலர் ஏற்கவில்லை.

வல்லிபுரம் குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சியில் இருப்பதால் அன்று பிற்பகலே பருத்தித்துறைப் பக்கம் போய்விடலாம். அங்கே தெருமூடி மடம் இருக்கிறது. நான் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் காட்டலாம் என்றால் கோட்டையை விட்டுவிட்டு இதைத்தான் காட்டுவேன். வீதி மடத்துக்குள்ளால் போகிறது. மேலே கூரை, இரு பக்கமும் கல் தூண்கள், உட்கார உயரமான கல் திண்ணைகள். வண்டியோ நடையோ, வெயிலில் வந்தவர் நிழலுக்கு வீதியை விட்டு இறங்க வேண்டியதில்லை. திண்ணையின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகியிருக்கும். இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை ஒழுங்கைகளில் கிடக்கின்றன: தலைச்சுமையை இறக்கி வைக்கும் சுமைதாங்கி, மாடு உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக்கல், படலைக்கு மேல் சிறு கூரை போட்டு வழிப்போக்கர் இருக்கத் திண்ணையும் வைத்த சங்கடப்படலை, உள்ளே முற்றம் வைத்த நாற்சார் வீடு. எந்த வழிகாட்டிப் புத்தகமும் இவற்றை உங்களுக்குப் பட்டியல் போட்டுத் தராது.

இவை ஏன் அவசரம் என்றால், சட்டம் இவற்றை இலகுவில் காப்பாற்றாது. 1940ஆம் ஆண்டு தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியதைத்தான் இயல்பாகவே தொல்சின்னமாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய கட்டடத்தைத் தனியாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தத் திகதிக்குப் பிந்தியவை. உரிமையாளர் பாதிப்பேர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். கூரை இறங்கியதும் இடித்துவிட்டு மாடி வீடு கட்டுவதுதான் நடக்கிறது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த மேசன்மாரும் குறைந்துவிட்டார்கள்.

மாநாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அரங்கில் நடப்பதைவிடத் தேத்தண்ணி இடைவேளையில்தான் விஷயம் இருக்கும். பேராசிரியர்களைச் சுற்றி நிற்காமல், தொல்லியல் படிக்கிற மாணவர்களோடு பேசுங்கள். எந்த ஊர்க் குளத்தில் கிராமத்தவர் மண் வெட்டும்போது பழைய பானை ஓட்டுத்துண்டு வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் கட்டுரையில் யாழ்ப்பாணத்தைத் தமிழ்நாட்டின் நீட்சி என்று ஒரு வரி இருந்தால் எடுத்துவிடுங்கள். மரியாதையாகக் கேட்டுவிட்டு, கேள்வி நேரத்தில் விடமாட்டார்கள். வருமுன் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பழைய ஆய்வு மலர்களை இறக்கி வாசித்துக்கொள்ளுங்கள், இலவசம். இன்னொன்று: மரபுரிமை என்று இங்கே பேசப்படும்போது முஸ்லிம் வட்டாரம் பெரும்பாலும் விடுபட்டுவிடும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். ஐந்துசந்திப் பக்கம் ஒரு மாலை நடந்தால் பள்ளிவாசல்களையும் பாழடைந்த வீடுகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

சில நடைமுறை விஷயங்கள். கடைசி நாளைத் தீவுக்கு வைக்காதீர்கள். காற்று எழும்பினால் படகு ஓடாது, ஐப்பசி முதல் மார்கழி வரை அது அடிக்கடி நடக்கும். படகு நேரத்தை முதல் நாளே விசாரியுங்கள். நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். எந்த இடத்திலும் ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடப் பொறுக்கிப் பையில் போடாதீர்கள். நல்லெண்ணத்தோடு, வகுப்பில் காட்டத்தான் என்றாலும் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். கடற்படை முகாம் படத்துக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலிகாமம் வடக்கில் இராணுவம் வேலி போட்ட காணிகளுக்குள் குறுக்கு வழி தேட வேண்டாம்.

கீரிமலையை நான் எந்த நாளிலும் சேர்க்கவில்லை என்று கவனித்திருப்பீர்கள். குதிரை முகம் மாறிய இளவரசி கதையை அங்கே கேட்பீர்கள், நகுலேஸ்வரத்தையும் கும்பிடலாம். ஆனால் ஆய்வுக் குறிப்பேட்டோடு போக வேண்டிய இடமல்ல அது. கடலோடு ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறுகிறது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணி. கந்தரோடை வெயிலில் அலைந்த பிறகு ஓட்டோ பிடித்துப் போய் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் பருத்தித்துறைக்குப் போனாலும் நேரம் இருக்கும், மாற்றுடுப்பு மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.